கிணற்று நீரில் கல்சியமும் மகனீசியமும் எவ்வளவு? ஈ.டி.ரீ.ஏ. நியமிப்பு, படிப்படியாக

திருகோணமலைக் கரையோரத்தில் நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் சவர்க்காரம் நுரைக்காத கிணறுகள் உண்டு. சில கிலோமீற்றர் உள்ளே போனால் கேத்தலின் அடியில் வெள்ளைத் தகடாகப் படியும் தண்ணீர் வரும். இரண்டையும் ஊரில் ‘சவர்’ என்றோ ‘உப்புத் தண்ணி’ என்றோ ஒரே பேச்சில் முடித்துவிடுவார்கள். ஆய்வுகூடத்திலும் பலர் மொத்த வன்மை என்று ஒரேயொரு எண்ணை எழுதிவிட்டு எழும்பிவிடுகிறார்கள். அந்த எண் கல்சியத்தையும் மகனீசியத்தையும் ஒன்றாகக் கூட்டியது. எது எவ்வளவு என்று பிரித்தால்தான் தண்ணீர் பாறையிலிருந்து வன்மை பெற்றதா, கடல் உள்ளே வருகிறதா என்று பேசத் தொடங்கலாம். அதற்கு அதே போத்தல் நீரில் இரண்டு நியமிப்புகள் போதும். நியமிப்பு என்பது செறிவு தெரிந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாற எவ்வளவு செலவானது என்று அளப்பது. விலை கூடிய கருவி எதுவும் வேண்டாம். நல்ல அளவி (பியூரெட்) ஒன்றும், தராசு ஒன்றும், புதிதாகக் கலந்த கரைசல்களும் இருந்தால் ஒரு காலைப்பொழுதில் முடியும் வேலை.

உள்ளே நடப்பது

ஈ.டி.ரீ.ஏ. ஒரு மூல், உலோக அயன் ஒரு மூலை ஆறு இடங்களில் பிடித்துச் சுற்றிக்கொள்ளும். கல்சியம், மகனீசியம், நாகம் (துத்தநாகம்), செப்பு என்று எதுவானாலும் கணக்கு ஒன்றுக்கு ஒன்றுதான். இந்தச் சேர்மத்தை நியமிப்புக்குக் கொண்டுவந்தவர் சூரிச்சில் பணியாற்றிய ஜெரோல்ட் ஷ்வார்சன்பாக். எரியோகுரோம் பிளக் ரீ என்ற சாயத்தை, முடிவை நிறமாற்றத்தால் சொல்லும் காட்டியாக வைத்து அவரும் பீடர்மானும் கட்டுரை வெளியிட்டது 1948இல்.

பி.எச். 10இல் அந்தச் சாயம் தனியே நின்றால் நீலம், மகனீசியத்தோடு சேர்ந்தால் சிவப்பு. ஈ.டி.ரீ.ஏ. சொட்டச் சொட்ட, முதலில் கட்டற்ற கல்சியத்தைப் பிடிக்கும், அடுத்து கட்டற்ற மகனீசியத்தை. கடைசியாகச் சாயத்தின் கையில் இருக்கும் மகனீசியத்தையும் பறித்துவிடும். அந்தக் கணத்தில் சிவப்பு போய் நீலம் நிற்கும். ஈ.டி.ரீ.ஏ. சிக்கலின் உறுதி மாறிலி மடக்கையில் கல்சியத்துக்கு 10.7, மகனீசியத்துக்கு 8.7. சாயத்துடன் மகனீசியத்துக்கு 7.0, கல்சியத்துக்கு 5.4 மட்டும். கல்சியத்தைச் சாயம் சரியாகப் பிடிக்காது என்பதுதான் இந்த எண்கள் சொல்வது. மகனீசியம் துளியும் இல்லாத நீரில் நிறமாற்றம் இழுபட்டு, ஊதாவில் கிடந்து மனிதரைப் படுத்தும். அதனால்தான் பி.எச்.ஐ அசையாமல் நிறுத்தும் தாங்கற் கரைசலில் கொஞ்சம் மகனீசியம்–ஈ.டி.ரீ.ஏ. முன்கூட்டியே கலக்கப்படுகிறது. அதில் இரண்டும் சம மூலில் இருப்பதால் வாசிப்பு மாறாது.

மாதிரி எடுக்கும்போது

ஒரு லீற்றர் பொலித்தீன் போத்தலை அதே கிணற்று நீரால் மூன்று தடவை அலசி, காற்று நிற்காமல் கழுத்துவரை நிரப்பி மூட வேண்டும். மோட்டர் உள்ள கிணற்றில் குழாயில் தேங்கிய நீர் போகும்வரை ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும். கரையோர மணற்பாங்கான கிணறுகளில் மேல்நீரும் அடிநீரும் ஒன்றல்ல. உப்பு நீர் பாரம் கூடியது என்பதால் அடியில் கிடக்கும். வாளியால் மேலே அள்ளியதா, அடியிலிருந்து இறைத்ததா என்று போத்தலில் எழுதாவிட்டால் பிறகு ஒப்பிட முடியாது. கச்சான் காற்று அடிக்கும் வறண்ட மாதங்களில் எடுத்த நீரையும், மாரி பெய்து முடிந்த தை மாத நீரையும் திகதி இல்லாமல் அருகருகே வைத்து முடிவு சொல்வதும் அப்படித்தான்.

எடுத்த நாளிலேயே நியமிப்பது நல்லது. வெயிலில் முச்சக்கர வண்டியின் பின்பெட்டியில் சூடேறிய போத்தலில், கரைந்திருந்த இருகாபனேற்று உடைந்து கல்சியம் காபனேற்று சுவரில் ஒட்டிக்கொள்ளும். பார்வைக்குத் தெரியாது, கல்சியம் மட்டும் குறையும். மறுநாளைக்குத்தான் முடியும் என்றால் செறிந்த நைத்திரிக்கமிலத்தால் பி.எச். 2க்குக் கீழே இறக்கி வைத்து, நியமிக்கும் முன் சோடியம் ஐதரொட்சைட்டால் நடுநிலையாக்க வேண்டும். கலங்கல் நீரை முதலில் வடிதாளில் வடிக்க வேண்டும்.

கரைசல்கள்

முதலில் தண்ணீர். காய்ச்சிவடித்த நீர் கைவசம் இல்லாத இடங்களில் பெற்றோல் செட்டில் விற்கும் பற்றரித் தண்ணீர் பெரும்பாலும் போதும். ஆனால் நம்பிவிட வேண்டாம். அதில் 50 மி.லீ. எடுத்து 1 மி.லீ. தாங்கற் கரைசலும் சிட்டிகை காட்டியும் போட்டுப் பார்க்க வேண்டும். நீலமாக நின்றால் நல்லது. ஊதாவோ சிவப்போ என்றால் வன்மை இருக்கிறது. ஒரு சொட்டு ஈ.டி.ரீ.ஏ.யில் நீலமானால் வெற்றுச்சோதனை வாசிப்பாகக் கழித்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் வேறு போத்தல் வாங்க வேண்டும்.

ஈ.டி.ரீ.ஏ., 0.01 மூலர்: இருசோடியம் உப்பு, இருநீரேறியது, மூலர்த்திணிவு 372.24. அதில் 3.72 கிராம் நிறுத்து, ஏறத்தாழ 800 மி.லீ. நீரில் கரைத்து, ஒரு லீற்றருக்கு நிரப்ப வேண்டும். கரைய நேரம் எடுக்கும்; இளஞ்சூட்டில் கலக்கி, ஆறவிட்டு நிரப்பலாம். சூடாக இருக்கும்போது குறிவரை நிரப்பினால் ஆறியதும் மட்டம் இறங்கும். கண்ணாடிப் போத்தலில் வைக்கக் கூடாது. சாதாரணக் கண்ணாடியிலிருந்தே ஈ.டி.ரீ.ஏ. கல்சியத்தை மெல்ல இழுத்துக்கொள்ளும். பொலித்தீன் போத்தலே சரி.

கல்சியம் நியமக் கரைசல் (செறிவு சரியாகத் தெரிந்தது): தூய கல்சியம் காபனேற்றை 105–110 பாகை செல்சியசில் இரண்டு மணித்தியாலம் உலர்த்தி, ஈரம் ஏறாமல் ஆறவைத்து, 1.000 கிராம் நிறுக்க வேண்டும். கடற்காற்று ஈரத்தில் திறந்து வைத்து ஆறவிட்டால் உலர்த்தியதற்கே பொருளில்லை. கூம்புக் குடுவையில் போட்டு, வாயில் புனல் வைத்து, சம பங்கு நீர் கலந்த ஐதரோக்குளோரிக்கமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நுரைத்து அடங்கி, தூள் முழுவதும் கரைந்தபின் 200 மி.லீ. நீர் சேர்த்துச் சில நிமிடம் கொதிக்கவிட்டு, காபனீரொட்சைட்டை வெளியேற்றி, ஆறவைத்து ஒரு லீற்றருக்கு நிரப்ப வேண்டும். இதில் ஒரு மி.லீ. சரியாக ஒரு மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுக்குச் சமம், செறிவு 0.00999 மூலர். கொதிக்கவைப்பதைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். உள்ளே நிற்கும் காபனீரொட்சைட்டு பிறகு பி.எச். ஏறியதும் காபனேற்றாக மாறி, நியமக் கல்சியத்தையே வீழ்படிவாக்கும்.

தாங்கற் கரைசல், பி.எச். 10: 1.179 கிராம் ஈ.டி.ரீ.ஏ. இருசோடியம் உப்பையும் 0.780 கிராம் மகனீசியம் சல்பேற்று ஏழுநீரேறியதையும் 50 மி.லீ. நீரில் கரைக்க வேண்டும். வேறொரு முகவையில் 16.9 கிராம் அமோனியம் குளோரைட்டை 143 மி.லீ. செறிந்த அமோனியாவில் கரைத்து, இரண்டையும் சேர்த்து 250 மி.லீ.க்கு நிரப்ப வேண்டும். செறிந்த அமோனியாப் போத்தல் இங்கத்தைய வெக்கையில் உள்ளே அமுக்கத்தோடுதான் இருக்கும். ஐஸ் தண்ணீரில் குளிரவைத்து, முகத்தைத் திருப்பி, புகைக்கூண்டின் கீழோ காற்றோட்டமான வராந்தாவில் காற்று முதுகுப் பக்கம் வரும்படி நின்றோ திறக்க வேண்டும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

இந்தக் கரைசல்தான் முழு வேலையிலும் நோஞ்சான். ஒவ்வொரு முறை மூடி திறக்கும்போதும் அமோனியா போகும். வெப்பநிலை ஒரு பாகை ஏற, அமோனியத் தாங்கியின் பி.எச். ஏறக்குறைய 0.03 இறங்கும். 25 பாகையில் 10.1 காட்டியது 32 பாகையில் 9.9க்கு அருகே வந்துவிடும். புத்தக அளவுப்படி கலந்ததால் பி.எச். சரியாக இருக்கும் என்று எண்ணாமல், நியமிப்புக் குடுவைக்குள்ளேயே, வேலை நடக்கும் வெப்பநிலையில், முடிவுப்புள்ளியில் பி.எச். 9.9க்கும் 10.1க்கும் இடையில் நிற்கிறதா என்று மானியால் பார்ப்பதுதான் முறை. 1–2 மி.லீ. போட்டும் அது ஏறாவிட்டால் கரைசலைக் கொட்டிவிட வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

காட்டிகள்: எரியோகுரோம் பிளக் ரீ 0.5 கிராமை 100 கிராம் உலர்ந்த சோடியம் குளோரைட்டோடு உரலில் மாவாக அரைத்து, இறுக மூடி வைக்க வேண்டும். ஆய்வுகூடத் தரமான உப்புத்தான் வேண்டும். சமையல் உப்பில் மகனீசியம் இருக்கும். சாயத்தை மதுசாரத்தில் கரைத்து வைப்பதும் உண்டு, ஆனால் நாட்கள் போகப் போக அது மங்கும். தூள் கலவை மாதக்கணக்கில் நிற்கும். கல்சியத்துக்குத் தனியாக பற்றன்–ரீடர் காட்டி அல்லது மியூரெக்சைட்டு. மியூரெக்சைட்டு 0.2 கிராமை 100 கிராம் உப்போடு அரைக்கலாம். இரண்டில் பற்றன்–ரீடரே நல்லது. அது சிவப்பிலிருந்து தெளிந்த நீலத்துக்குப் போகும். மியூரெக்சைட்டு இளஞ்சிவப்பிலிருந்து ஊதாவுக்குப் போவதால், ரியூப் லைட் வெளிச்சத்தில் பழகிய கண்ணும் தடுமாறும்.

சோடியம் ஐதரொட்சைட்டு, 1 மூலர்: 4 கிராம், 100 மி.லீ. நீரில். குளிகைகள் புதிதாகவும் பளபளப்பாகவும் இருக்க வேண்டும். மேலே வெள்ளைப் பொடி படிந்தவை காற்றின் காபனீரொட்சைட்டைக் குடித்தவை. அவற்றால் வரும் சேதத்தைப் பின்னால் பார்ப்போம்.

ஈ.டி.ரீ.ஏ.யின் உண்மையான செறிவு

நிறுத்துக் கரைத்தாலும் செறிவு 0.01 என்று எழுதிவிட வேண்டாம். உப்பின் ஈரம் நிச்சயமில்லை. 25.00 மி.லீ. கல்சியம் நியமத்தைக் குழாயியால் (பிப்பெட்) எடுத்து, 25 மி.லீ. நீர், 1–2 மி.லீ. தாங்கற் கரைசல், சிட்டிகைக் காட்டி சேர்த்து நியமிக்க வேண்டும். 0.1 மி.லீ.க்குள் ஒத்துப்போகும் மூன்று வாசிப்புகளின் சராசரியை எடுக்க வேண்டும். சராசரி 25.30 வந்தால்:

25.00 × 0.00999 ÷ 25.30 = 0.009872 மூலர்.

வெப்பநிலை பற்றி ஒரு வார்த்தை. குடுவைகளும் குழாயிகளும் 20 பாகைக்கு அளவிடப்பட்டவை. 32 பாகையில் நீர் ஏறத்தாழ 0.3 விழுக்காடு விரிந்திருக்கும். நியமமும் ஈ.டி.ரீ.ஏ.யும் மாதிரியும் ஒரே அறையில் ஒரே சூட்டில் இருந்தால் இதைக் கவனிக்கவே வேண்டாம். குளிரூட்டிய அறையில் நியமமாக்கிவிட்டு வெளியே வெக்கையில் மாதிரியை நியமித்தால் மட்டுமே அது கணக்கில் ஏறும்.

முதல் நியமிப்பு: இரண்டும் சேர்ந்து

வாசிப்பு 15 மி.லீ.க்கு மேல் போகாதபடி மாதிரியின் அளவைத் தெரிய வேண்டும். கல்சியம் காபனேற்றாகக் கணித்து, லீற்றருக்கு 300 மி.கி. வன்மைவரை 50 மி.லீ., 600 வரை 25 மி.லீ., 1500 வரை 10 மி.லீ. குறைவாக எடுத்தால் காய்ச்சிவடித்த நீரால் 50 மி.லீ. ஆக்க வேண்டும். கந்தளாய்க் குளத்திலிருந்து வரும் குழாய்நீரை 50 மி.லீ.யில் தொடங்கலாம். கரையோரக் கிணற்றை முதலில் 10 மி.லீ.யில் தொட்டுப் பார்ப்பதே புத்தி.

அளவியை ஈ.டி.ரீ.ஏ.யாலேயே இரு தடவை அலசி நிரப்ப வேண்டும். திருகின் கீழே நுனியில் காற்றுக்குமிழ் நிற்கக் கூடாது. புனலை எடுத்துவிட்டுத்தான் வாசிக்க வேண்டும்; மறந்தால் நடுவில் ஒரு சொட்டு விழுந்து வாசிப்பைக் கெடுக்கும். நியமிப்புக் குடுவையை மாதிரியால் அலசக் கூடாது, காய்ச்சிவடித்த நீரால் மட்டும். குழாயியை மட்டும் மாதிரியால் அலச வேண்டும். குடுவையை மாதிரியால் அலசினால் வாசிப்பு சற்றுக் கூடும், குழாயியை வெறும் நீரால் அலசினால் சற்றுக் குறையும்.

மாதிரியில் 1–2 மி.லீ. தாங்கற் கரைசல் விட்டதும் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது என்று கொள்ள வேண்டும். ஐந்து நிமிடத்துக்குள் நியமிப்பு முடிய வேண்டும். பி.எச். 10இல் இருகாபனேற்று காபனேற்றாக மாறும், கல்சியம் அதோடு சேர்ந்து மெல்லிய கலங்கலாகப் பிரியத் தொடங்கும். ஆகவே காட்டியையும் வெள்ளைத் தாளையும் அளவியையும் முதலே ஆயத்தமாக்கி வைத்துவிட்டுத்தான் தாங்கற் கரைசலில் கை வைக்க வேண்டும்.

காட்டித் தூள் ஒரு அரிசியளவு போதும். நீர் தண்ணீர் கலந்த பீற்றூட் சாறு நிறத்துக்கு வரும். கூடப் போட்டால் நிறம் கறுத்து முடிவு தெரியாது. முதலில் வேகமாக விடலாம். சிவப்பில் ஊதாச் சாயல் ஏறத் தொடங்கியதும் சொட்டுச் சொட்டாக, ஒவ்வொரு சொட்டுக்கும் மூன்று நாலு விநாடி குலுக்கி விட வேண்டும். தாக்கம் அந்த இடத்தில் மெதுவானது. கை அவசரப்பட்டால் இரண்டு சொட்டுத் தாண்டிவிடும். கடைசிச் சிவப்புச் சாயல் போய் வெறும் நீலம் நிற்பதுதான் முடிவு. ஊதாவில் நிறுத்தக் கூடாது. சந்தேகம் வந்தால் அளவியை வாசித்து எழுதிக்கொண்டு இன்னொரு அரைச் சொட்டு விடுங்கள். நிறம் மாறினால் முன்னது முடிவல்ல. மாறாவிட்டால் எழுதியதே சரி. அரைச் சொட்டை நுனியில் தொங்கவிட்டு, குடுவையின் உட்சுவரில் தொட்டு, கழுவும் போத்தலால் அலசி இறக்க வேண்டும். முடிந்த குடுவை ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் அடுத்தவை எளிது. சன்னலோர வெளிச்சம் நல்லது. நேர் வெயில் வேண்டாம்.

இரண்டாம் நியமிப்பு: கல்சியம் மட்டும்

அதே அளவு மாதிரியைப் புதிதாக எடுத்து 50 மி.லீ. ஆக்கி, 2 மி.லீ. சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசல் விட்டு, பி.எச். 12க்கும் 13க்கும் இடையில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் இன்னும் கொஞ்சம். இங்கே மகனீசியம் ஐதரொட்சைட்டாக வீழ்ந்துவிடும், பி.எச். 12இல் கரைசலில் மிஞ்சுவது அளக்கத்தக்க அளவே இல்லை. ஒன்றிரண்டு நிமிடம் குலுக்கி, பற்றன்–ரீடர் தூள் போட்டு, உடனே நியமிக்க வேண்டும். மகனீசியம் அதிகமான நீரில் வெள்ளைப் பஞ்சு போல் வீழ்படிவு தெரியும். அது கல்சியத்தையும் சாயத்தையும் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும் என்பதால் நீலம் வந்தபின் அரை நிமிடத்தில் சிவப்பு திரும்பி வரலாம். திரும்பினால் இன்னொரு சொட்டு. அப்படி அடிக்கடி திரும்பினால் மாதிரியை இரண்டு மடங்கு ஐதாக்கிச் செய்வதே நேர் வழி.

மியூரெக்சைட்டுதான் கைவசம் என்றால், முடிவென்று தோன்றியபின் மேலும் ஒரு சொட்டு விட்டு ஊதா ஆழமாகவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். அந்தச் சொட்டைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

கணக்கு

எண்கள் கணக்கைக் காட்டுவதற்காக மட்டும். 25.00 மி.லீ. மாதிரி, முதல் வாசிப்பு 14.60, இரண்டாவது 8.20, வெற்றுச்சோதனை கழித்தபின். ஈ.டி.ரீ.ஏ. 0.009872 மூலர்.

மொத்தம்: 14.60 × 0.009872 ÷ 25.00 = 0.005765 மூலர். கல்சியம் காபனேற்றின் 100.09ஆல் பெருக்க, லீற்றருக்கு 577 மி.கி. வன்மை.

கல்சியம்: 8.20 × 0.009872 ÷ 25.00 = 0.003238 மூலர். 40.08ஆல் பெருக்க, 130 மி.கி.

மகனீசியம்: வித்தியாசம் 6.40 மி.லீ. அதாவது 0.002527 மூலர். 24.305ஆல் பெருக்க, 61 மி.கி.

இலங்கைக் குடிநீர் நியமம் எஸ்.எல்.எஸ். 614 மொத்த வன்மைக்கு வைத்திருக்கும் எல்லை 250 மி.கி. இந்த எடுத்துக்காட்டு நீர் அதைத் தாண்டிவிட்டது.

மகனீசியத்தை நாம் நேராக அளக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு வாசிப்புகளின் பிழையும் வந்து சேருவது அதன் தலையில்தான். ஒவ்வொன்றிலும் 0.05 மி.லீ. பிழை எதிர்ப்பக்கம் விழுந்தால் வித்தியாசம் 0.10 மாறும். 6.40இல் அது இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு, பொறுக்கலாம். வித்தியாசமே 0.80 மி.லீ.யாக இருந்தால் பன்னிரண்டு விழுக்காடு. அப்படிப்பட்ட நீரில் மகனீசியத்துக்குத் தசமம் போட்டு எழுதுவது வீண் பந்தா.

கடலா, பாறையா

திறந்த கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 410 மி.கி. கல்சியம், 1290 மி.கி. மகனீசியம். மூல் கணக்கில் மகனீசியம் ஐந்து மடங்கு. மொத்த வன்மை 6300 அளவில். ஆகவே கிணற்று நீரில் நூற்றில் ஒரு பங்கு கடல்நீர் கலந்தாலே வன்மை 63 கூடும், அதில் பெரும்பங்கு மகனீசியம். உள்நாட்டு நன்னீரில் வழக்கமாகக் கல்சியம் மேலோங்கும். ஒரே கிணற்றில் மகனீசியம்–கல்சியம் மூல் விகிதம் வறட்சியில் ஒன்றைத் தாண்டி ஏறி, மாரியில் இறங்கினால் கடலைச் சந்தேகிக்கலாம்.

சந்தேகிக்கலாம், அவ்வளவுதான். கடல்நீர் மண்ணுக்குள் நுழையும்போது அதன் சோடியம் களிமண்ணில் ஒட்டிக்கொண்டு, அங்கிருந்த கல்சியத்தை நீருக்குள் தள்ளிவிடும். அதனால் உப்பு நுழையத் தொடங்கும் கட்டத்தில் கல்சியமே கூடித் தோன்றலாம். வெள்ளி நைத்திரேற்றால் குளோரைட்டையும் நியமித்துப் பார்க்காமல் ‘கடல் வந்துவிட்டது’ என்று அயலாரின் வயிற்றில் புளி கரைக்க வேண்டாம். நூற்றில் ஒரு பங்கு கடல்நீர் குளோரைட்டை ஏறத்தாழ 190 மி.கி. உயர்த்தும், வன்மையைவிடத் தெளிவான சாட்சி அது.

கையைப் பழக்கக் கடல்நீரே நல்ல பொருள். 10.00 மி.லீ.யை 250 மி.லீ.க்கு ஐதாக்கி, அதில் 50 மி.லீ. எடுத்தால் 0.01 மூலர் ஈ.டி.ரீ.ஏ. ஏறத்தாழ 12.7 மி.லீ. செலவாகும், கல்சியத்துக்கு 2 மி.லீ. அளவில். கொட்டியாரக் குடாவுக்குள் மகாவலி விழுவதால், மழைக்குப் பின் அங்கே அள்ளிய நீர் குறைத்துக் காட்டும். வெளிக்கடல் பக்கமாக எடுப்பது நல்லது.

பிசகுகள்

நிறம் சிவப்பிலேயே நிற்கிறது, எவ்வளவு விட்டாலும் நீலம் வரவில்லை: இரும்பு, அலுமினியம் அல்லது செப்பு சாயத்தைக் கட்டிப்போட்டிருக்கிறது. குழாய்க்கிணறு நீர் பிடித்துச் சற்று நேரத்தில் செம்மஞ்சளாக மாறுகிறதென்றால் இரும்புதான். புதிய மாதிரியில், தாங்கற் கரைசல் விடுவதற்கு முன், நீர் இலேசாக அமிலமாக இருக்கும்போதே, இரும்பைக் கட்டிவைக்கும் ட்ரைஎதனோலமைன் சில சொட்டு விட்டுக் கலக்க வேண்டும். காரமாக்கியபின் விட்டால் இரும்பு ஏற்கெனவே ஐதரொட்சைட்டாகிவிட்டிருக்கும், பயனில்லை. செப்புக்கும் நாகத்துக்கும் பழைய கைநூல்கள் சயனைட்டைச் சொல்லும். பாடசாலையிலோ சிறிய ஆய்வுகூடத்திலோ அதைத் தொடவே வேண்டாம். அப்படிப்பட்ட நீரை அணு உறிஞ்சல் கருவி உள்ள இடத்துக்கு அனுப்புங்கள்.

நீலம் வந்து, சில விநாடியில் சிவப்பு திரும்புகிறது: முதல் நியமிப்பில் இது நடந்தால் கல்சியம் காபனேற்று வீழ்ந்து, பிறகு மெல்லக் கரைந்து வருகிறது. மாதிரியில் சில சொட்டு ஐதரோக்குளோரிக்கமிலம் விட்டு ஒரு நிமிடம் கொதிக்கவைத்து, ஆறியபின் நடுநிலையாக்கி மறுபடி செய்ய வேண்டும். அல்லது முதல் தடவையில் கிடைத்த வாசிப்பின் பத்தில் ஒன்பது பங்கு ஈ.டி.ரீ.ஏ.யை முதலில் விட்டுவிட்டு, அதன்பின் தாங்கற் கரைசலைச் சேர்த்து முடிக்கலாம். பிடிபட்ட கல்சியம் வீழாது.

நிறமாற்றம் இழுபடுகிறது, ஊதாவில் நீண்ட நேரம்: தாங்கற் கரைசல் கிழண்டிவிட்டது அல்லது காட்டி பழசு. முதலில் பி.எச். பாருங்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது எந்த அறிகுறியும் காட்டாத பிழை. பழைய சோடியம் ஐதரொட்சைட்டில் இருக்கும் காபனேற்று, இரண்டாம் நியமிப்பில் கல்சியத்தில் ஒரு பங்கை வீழ்த்திவிடும். நிறம் அழகாக மாறும், வாசிப்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். கல்சியம் குறைவாகவும், வித்தியாசத்தில் வரும் மகனீசியம் கூடவும் கிடைக்கும். அதாவது ஒரு போத்தல் கெட்ட காரத்தால் மட்டுமே உள்நாட்டுக் கிணறொன்றில் கடல்நீர் தோன்றிவிடும். மாறாக, பி.எச். 12ஐ எட்டாவிட்டால் மகனீசியம் முழுதாக வீழாது, அதில் ஒரு பங்கு கல்சியமாக எண்ணப்படும், உண்மையான கடல்நீர் மறைந்துபோகும். இரண்டையும் பிடிக்க ஒரே வழி: கல்சியம் நியமக் கரைசலில் 10.00 மி.லீ.யை இரண்டாம் முறைப்படி காரம் போட்டு நியமித்துப் பார்ப்பது. 0.009872 மூலர் ஈ.டி.ரீ.ஏ.யில் 10.12 மி.லீ. வர வேண்டும். குறைந்தால் காரத்தை மாற்றுங்கள். அது சரியாக வந்தால், அதே நியமத்தில் மகனீசியம் சல்பேற்றும் கொஞ்சம் சேர்த்து மறுபடி செய்யுங்கள். வாசிப்பு கூடினால் பி.எச். போதவில்லை. மாதிரிகளைத் தொடும் முன், ஒவ்வொரு வேலை நாளும் இந்த இரண்டு சோதனையையும் செய்துவிட வேண்டும்.

வேலை முடிந்ததும் குடுவைச் சுவரில் வெண்படலம் தெரிந்தால் ஐதான ஐதரோக்குளோரிக்கமிலத்தால் ஒரு தடவை அலசி, காய்ச்சிவடித்த நீரால் மூன்று தடவை கழுவ வேண்டும். சவர்க்காரத் தூள் வேண்டாம். பலவற்றில் பொசுபேற்று இருக்கும், கல்சியத்தை வீழ்த்தும். அளவியில் ஈ.டி.ரீ.ஏ.யை இரவு முழுக்க விடாமல் வடித்து, கழுவி, திருகைத் திறந்து தலைகீழாக மாட்டிவிடுங்கள்.